சேறு படாத மூன்று சக்கரம்

நம்மிடையே ஓர் இனம் உண்டு. பழைய பொருளைத் தேடிப் பிடித்து, துருவைச் சுரண்டி, புத்தம் புதிதாக்கி, அதற்கப்புறம் அது தன் வேலையைச் செய்துவிடாதபடி ஆயுள் முழுக்கக் காவல் காக்கும் இனம். இவர்களுக்குப் புதுப்பிப்பாளர் என்று பெயர். எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். எங்கள் வட மிச்சிகனில் வீட்டுக்கு ஒருவர்.

வெர்ன் லம்பினனை எடுத்துக்கொள்ளுங்கள். மர அறுவை ஆலையில் ஓய்வு பெற்றவர். அவருடைய பொருள், 1983இல் செய்த ஒரு மூன்று சக்கர வண்டி. ஆட்டோ என்று நினைத்துவிடாதீர்கள். கூரை கிடையாது, கதவு கிடையாது. குதிரைமேல் உட்காருவதுபோல் ஏறி உட்கார்ந்து, பூசணிக்காயாக உப்பிய மூன்று டயர்களில் சேறு, சதுப்பு, பனி என்று எதில் வேண்டுமானாலும் விடலாம். திருப்பத்தில் கவிழ்த்துவிடும். அதனாலேயே விற்பதை நிறுத்தினார்கள். அதனாலேயே வெர்னுக்கு அதன்மேல் காதல்.

யாரோ காட்டில் விட்டுப்போனதை அவர் வீட்டுக்கு இழுத்து வந்தபோது, சீட்டுக்குள் ஓர் எலிக் குடும்பம் குடியிருந்தது. ஆறு வருடம் உழைத்தார். ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் அந்தக் காலத்து முத்திரை இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்த்தார்; மட்கார்டின் சிவப்பு அசல் சிவப்புதானா என்று வெயிலில் ஒரு தடவை, மேகமூட்டத்தில் ஒரு தடவை ஆராய்ந்தார்; டேங்க் ஸ்டிக்கர் எவ்வளவு சாய்ந்திருக்கவேண்டும் என்று ஆரிகானில் இருக்கும் இன்னொரு புதுப்பிப்பாளரோடு இரண்டு மணி நேரம் போனில் விவாதித்தார். அன்று தங்கள் கல்யாண நாள் என்பது அவருக்கு மறுநாள்தான் தெரிந்தது. மனைவி கார்லீன் சொல்லித்தான்.

ஒருவழியாக வண்டி தயாரானது. தயாராகி? வெள்ளைப் படுதா போர்த்திக்கொண்டு கராஜில் நின்றது. பார்க்க வருகிறவர்கள் பூட்ஸைக் கழற்றவேண்டும், காப்பிக் கோப்பையை வெளியே வைக்கவேண்டும், படுதா விலகியதும் ஒரு நிமிடம் பேசாமல் நிற்கவேண்டும். ஞாயிறுதோறும் இரண்டு நிமிடம் இன்ஜின் ஓடும். நின்ற இடத்திலேயே. பக்கத்து வீட்டு ரெய்னோ மட்டும், வரும்போதெல்லாம் கேட்கக்கூடாததைக் கேட்பார்: இது நகருமா?

போன நவம்பரில், மான் வேட்டைப் பருவத்தின் இரண்டாம் நாள் மதியம், கார்லீனுக்குப் போன் வந்தது. ரெய்னோ சதுப்புக்கு அப்பால் மரத்தில் கட்டிய பரணிலிருந்து விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டிருந்தார். ஊர் மீட்புக் குழுவின் நாலு சக்கர வண்டி பாதிச் சதுப்பிலேயே அச்சுவரை புதைந்துவிட்டது. வேறொன்று வர இரண்டு மணி நேரமாகும் என்றார்கள். ரெய்னோ ஈரத்தில் கிடந்தார். உறைபனி இறங்கிக்கொண்டிருந்தது.

கார்லீன் கராஜைப் பார்த்தார். வெர்னும் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது.

கெட்டவரில்லை வெர்ன். ரெய்னோ அவருக்கு நாற்பது வருடச் சிநேகிதன். உடனே உள்ளே ஓடினார், படுதாவை உருவினார், ஒரு பழைய கம்பளியைச் சீட்டின்மேல் விரித்தார், பிறகு டேப்பை எடுத்து மட்கார்டின் ஓரங்களில் ஒட்ட ஆரம்பித்தார். நேர்கோட்டில்.

"என்ன பண்றே?"

"ரெண்டே நிமிஷம். கிளை உரசிச்சுன்னா அந்தச் சிவப்பு திரும்பக் கிடைக்காது."

"ரெய்னோ கிடைப்பானா?"

வெர்ன் கையில் டேப்போடு நின்றார். கார்லீன் கம்பளியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார், இன்ஜினைக் கிளப்பும் கயிற்றை ஒரே இழுப்பு இழுத்தார், ஏறினார். பதினாறு வயதில் அப்பாவின் பண்ணையில் இதே மாதிரி வண்டியை ஓட்டித் தள்ளியவர் அவர். ஆறு வருடத்தில் யாரும் அவரிடம் அதைக் கேட்கவில்லை.

வெர்ன் பின்னாலேயே ஓடினார். சதுப்பின் விளிம்பில் முழங்கால்வரை இறங்கியதும் அதற்குமேல் முடியவில்லை. அங்கேயே நின்று கேட்டார். இன்ஜின் உறுமியது, திணறியது, மறுபடி உறுமியது. முழு வேகத்தில் அதன் குரல் எப்படியிருக்கும் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. கண் கலங்கியது. சிநேகிதனுக்காகவா, வண்டிக்காகவா? அவரையே கேளுங்கள்.

முக்கால் மணி நேரத்தில் திரும்பினார்கள். கார்லீன் முன்னால். காலில் கட்டையும் உடம்பில் கம்பளியும் சுற்றிய ரெய்னோ பின்னால். வண்டியில் சிவப்பு என்று ஒரு நிறமே இல்லை. இடது மட்கார்ட் பிளந்து தொங்கியது. வெர்ன் ரெய்னோவைத் தூக்கி இறக்கினார்.

"நகருதுடா வெர்ன்" என்றார் ரெய்னோ, பல் கிட்டித்தபடி. "ஆனா உன் பெஞ்சாதி திருப்பத்துல வேகத்தைக் குறைக்கறதே இல்ல."

அந்த நாளோடு வெர்ன் திருந்திவிட்டார் என்றுதானே எதிர்பார்க்கிறீர்கள்? கார்லீனும் அப்படித்தான் எதிர்பார்த்தார். ஒரு வாரமாகியும் அவர் வண்டியைக் கழுவவில்லை. டேப்பைத் தேடவில்லை. ஆரிகானுக்குப் போன் போடவில்லை. மனுஷன் மாறிவிட்டான் என்று கார்லீன் தன் தங்கையிடம் பெருமையாகச் சொல்லியும் விட்டார்.

மூன்றாவது வாரம், மாவுக்கட்டுக் காலோடு ரெய்னோ பார்க்க வந்தார். வண்டியில் காய்ந்திருந்த சேற்றைத் தட்டிப் பார்க்க விரலை நீட்டினார். வெர்ன் பாய்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"தொடாதே. வார்னிஷ் இன்னும் காயல."

சேற்றுக்கு. நாலு பூச்சு.

உங்களுக்குச் சிரிப்பு வருகிறது. வரட்டும். டிவி ரிமோட்டுக்குப் போட்ட பிளாஸ்டிக் உறையை நீங்கள் கழற்றியாயிற்றா? விருந்தாளிக்கென்று எடுத்து வைத்த கண்ணாடித் தம்ளரில் கடைசியாக எந்த விருந்தாளி தண்ணீர் குடித்தார்? சரி, அதெல்லாம் உங்கள் வீட்டு விவகாரம். ஒன்றே ஒன்று கேட்டுவிட்டுப் போகிறேன்: இந்தப் புத்தகத்தை, முதுகில் மடிப்பு விழுந்துவிடக்கூடாதே என்று பாதிதானே திறந்து வைத்திருக்கிறீர்கள்?