எந்திரக் கோழிக்குப் பெரட்டு

குஞ்சுகள் எந்திரக் கோழியைத் தாயாக ஏற்கவில்லை. பன்னிரண்டும் கோசுப் பாத்திக்குள் ஓடி ஒளிந்தன.

நடந்தது இலங்கை மலையகத்தின் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில், 2003இல். கோழி, பல்கலைக்கழகத்து மயூரி மிஸ் கொண்டு வந்தது. குஞ்சு எதைத் தாய் என்று நம்பும்? அதுதான் ஆராய்ச்சி. தகரத் தலை, ஒட்டிய இறகு, காலுக்குப் பதில் சக்கரம். விசையைத் தட்டினால் 'கொக், கொக்' என்று கூப்பிட்டுக்கொண்டே நகரும். கழுத்தைச் சாய்த்து ஆளைப் பார்க்கும். அது முதல்முறை தன்னைப் பார்த்தபோது, பராமரிக்க ஒப்புக்கொண்ட பழைய கங்காணி கந்தப்பன் செருப்பைக் கழற்றிவிட்டார்.

அவருக்குத் தெரிந்த ஒரே வித்தை பெரட்டு. விடியலில் ஆள்களை நிறுத்தி, பேர் கூப்பிட்டு, மலைக்கு அனுப்புவது. முப்பது வருடம் செய்தவர். அடைகாக்கும் கோழிக்குப் பதிலாக வைத்த சூட்டுப் பெட்டியில் பொரித்த குஞ்சுகளையும் வரிசையில் நிறுத்தினார். "பிந்தி வந்தா அரைப் பேருதான்!" என்று அதட்டினார். எந்திரம் கூப்பிட்டது. குஞ்சுகள் அரைநாள் சம்பளமும் வேண்டாமென்று ஓடின.

மிஸ் வந்து பார்த்தார். "பெட்டியில மற்ற ஈட்டு முட்டையள் பொரிக்க இன்னும் நாலு நாள் கிடக்கு. அதுவும் ஓடினா, கோழிய வெலிமடையில வேற ஆளிட்டக் கொண்டுபோயிடுவன், ஐயா."

ஆராய்ச்சியே தன் தலையில்தான் நிற்கிறது என்று கந்தப்பன் லயத்து வரிசை வீடுகள் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். கோழி போனால் மானமும் அதே பஸ்ஸில் ஏறும்.

மனைவி பேச்சாயி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். இருபது வருடமாகக் கோழி வளர்ப்பவள்.

"நான் ஒண்ணு சொல்லவா?"

"வேணாம். இது படிச்சவங்க வேலை."

"நீங்க எத்தனாவது?"

"மூணாவது. நீ?"

"பள்ளிக்கூடத்துக்கே போகல. அதான் சொல்ல வந்தேன்."

"சொல்லாத!"

"சரிங்க, சொல்லல. ஒங்க கட்டிலுக்கு அடியில கெடக்க கோழிய மட்டும் வெளிய எடுங்க. கூட்டணும்."

"எங்க வைக்க?"

"வெறகு ரூம்ல, சூட்டுப் பெட்டிக்குப் பக்கத்துல. அங்கதான் ஈரம் இல்ல."

எடுத்து வைத்தார். பேச்சாயி விடவில்லை.

"கூப்பிட விடாம மூடியே வச்சிருந்தா துரு ஏறிராதா? நம்ம ரேடியோ அப்புடித்தான் தொண்டை கட்டிப் போச்சு."

அது நியாயமாகப் பட்டது. மிஸ்ஸிடம் என்ன பதில் சொல்வது? காலையும் மாலையும் அரைமணி நேரம் கோழியைக் கூப்பிட விட்டார். தானே கண்டுபிடித்த யோசனைபோலப் பக்கத்து லயத்திலும் சொன்னார்.

ஐந்தாம் நாள். பன்னிரண்டில் ஒரு முட்டை பாக்கி, மற்றதெல்லாம் பொரித்துவிட்டன. குஞ்சுகளை முற்றத்தில் விட்டார்கள். மூடுபனி. எந்திரம் தூரத்தில் நின்று ஒரே ஒரு தடவை 'கொக்' என்றது.

பதினொரு குஞ்சும் தலையைத் தூக்கின. பிறகு ஓடின, அதை நோக்கி. விழுந்து எழுந்து ஓடி, ஒட்டிய இறகுக்குள் புகுந்தன. உயிரில்லாத ஒன்று கூப்பிட்டது, உயிர்கள் போயின. மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஐயா, இந்தமுறை என்ன செய்தனீங்கள்?"

"துரு பிடிக்காம ஓட்டினேன்."

"துருவப் பற்றி நான் என்னெண்டு எழுதுறது?"

பேச்சாயி பாக்கி முட்டையை உள்ளங்கையில் ஏந்தி வந்தாள். எந்திரத்தின் விசையைத் தட்டினாள். கொக், கொக். முட்டையை மிஸ்ஸின் காதில் வைத்தாள். அடுத்து கணவர் காதில். ஓட்டுக்கு உள்ளேயிருந்து, மெல்ல, மிக மெல்ல, 'கீ' என்றது.

மிஸ் முட்டையை வாங்கி இன்னொரு தடவை கேட்டார்.

"முட்டைக்குள்ள இருக்கப்பவே குஞ்சுக தாய்க்குப் பதில் சொல்லுதுங்க, மிஸ். சூட்டுப் பெட்டிக்கு வாய் இல்ல. மொத ஈட்டுக்கு யாரும் பேசல. அப்பறம் யாரத் தெரியும் அதுகளுக்கு?"

"இத என்கிட்ட சொல்றதுக்கென்ன?" என்றார் கந்தப்பன்.

"சொல்லாதன்னீங்க. சொல்லல."

நாலு நாளாக விசை தட்டி ஓட்டப்பட்டது கோழியா, தானா என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

மிஸ் பேனாவைத் திறந்தார். "கட்டுரையில போடவேணும். கண்டுபிடிச்ச ஆளின்ர பேர்?"

கந்தப்பன் தொண்டையைச் செருமினார். முப்பது வருடம் பெரட்டில் ஆயிரம் பேர் கூப்பிட்ட வாய். இந்த ஒரு பேரைக் கூப்பிடத்தான் தண்ணீர் கேட்டது.

"பேச்சாயி."