ஃப்ரீசரில் வைத்த சான்றிதழ்

எழுதியதை அழிக்கும் வசதி ஒருவருக்குக் கிடைத்தால், அவர் முதலில் செய்வது எழுதக் கூடாததை எழுதிப் பார்ப்பதுதான். எனக்கு அந்த வசதி ஒன்பதாம் வகுப்பில் கிடைத்தது.

துபாயிலிருந்து வந்த சித்தப்பா நீல நிறத்தில் ஒரு பேனா கொடுத்தார். எழுதிவிட்டு அதன் வாலில் இருந்த ரப்பரால் தேய்த்தால் மை மறைந்துவிடும். கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் பள்ளிப் பிள்ளைகள் அதுவரை பார்த்த ரப்பரெல்லாம் மையோடு தாளையும் சேர்த்துப் பிய்ப்பவை. ஒரே வாரத்தில் நான் பெரிய ஆளாகிவிட்டேன். (எட்ட நின்று பார்க்க மட்டும்தான் அனுமதி. அவ்வளவு அலட்டல்.)

என் கையெழுத்து நன்றாக இருக்கும். அதனால் ஆண்டு விழாச் சான்றிதழ்களில் பெயர் எழுதும் வேலையை வகுப்பாசிரியை என்னிடம் கொடுத்தார். தப்பு வந்தால் அழித்துக்கொள்ளலாமே என்று அந்தப் பேனாவையே எடுத்தேன். ஓவியப் போட்டியில் முதல் பரிசு என் தோழி ஜெனிஃபருக்கு. நான் வரைந்த மயிலை நடுவர் கோழி என்று நினைத்துவிட்டதால் எனக்கு ஆறுதல் பரிசுகூட இல்லை. யாரும் பார்க்காத நேரத்தில் அந்தச் சான்றிதழில் ‘மாலதி’ என்று என் பெயரை எழுதி, தள்ளிப் பிடித்து அழகு பார்த்தேன். பிறகு சமர்த்தாகத் தேய்த்துவிட்டேன். தேய்த்த இடம் சொரசொரவென்று இருந்ததால் சற்று முன்னால் தள்ளி அவள் பெயரை எழுதினேன்.

மறுநாள் மாலை அப்பா எல்லாவற்றையும் ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் லேமினேஷன் போட்டு எடுத்து வந்தார். ஒன்றில்கூடப் பெயர் இல்லை. அச்சடித்தது மட்டும் பளபளவென்று இருந்தது. விடிந்தால் விழா. அப்பா துபாய்க்குப் போன் போட்டார். அது சூடு பட்டால் மறைகிற மை, ஃப்ரீசரில் வைத்தால் திரும்பி வரும் என்றார் சித்தப்பா. அம்மா மீன் பாக்கெட்டை வெளியே எடுத்து இடம் கொடுத்தாள். (அதனால் அன்று எதிர்பாராத மீன் குழம்பு.)

காலையில் எல்லாப் பெயர்களும் வந்திருந்தன. நான் அழித்த ஒரே ஒரு பெயரும் வந்திருந்தது. ஜெனிஃபருக்குப் பக்கத்தில், அவளைவிடக் கொஞ்சம் பெரிதாக, நான்.

இஸ்திரிப் பெட்டியை வைத்து அழித்துவிடலாம் என்று அப்பாவிடம் கெஞ்சினேன்.

“அந்தப் பொண்ணு பேரும் சேர்ந்து போயிடும்மா. பரவாயில்லையா?”

பரவாயில்லை என்று சொல்ல வாய்வரை வந்தது. அவள் வெறுங்காகிதத்தோடு மேடையில் நிற்பதை நினைத்ததும் விழுங்கிவிட்டேன். அந்தச் சான்றிதழை அடுக்கின் அடியில் செருகி ஆசிரியையிடம் கொடுத்தேன்.

சிறப்பு விருந்தினர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, முதல் பரிசு ஜெனிஃபர் மாலதி என்று மைக்கில் வாசித்தார். பள்ளிக்கூடமே சிரித்தது. பரிசை வாங்கிக்கொண்டு வந்தவள் சான்றிதழைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“உன் கோழிக்கும் சேர்த்தா குடுத்திருக்காங்க?”

எங்கள் வீட்டில் இன்றுவரை அவள் ஜெனிஃபர் மாலதிதான். கோவிலம்பாக்கத்தில் அவள் வீட்டு ஹாலில் அந்தச் சான்றிதழ் தொங்குகிறது. சித்திரை பிறந்தால் போதும், தவறாமல் போன் செய்வாள்.

“வெயில் மண்டையப் பொளக்குதுடி. கவலப்படாத, உன் பேரு இன்னும் இருக்கு.”