வாலில் ஒட்டிய ‘ய’

ஒன்றுமே தெரியாத ஆளால் யாருக்கும் பெரிய கெடுதி வருவதில்லை. அவன் பாட்டுக்கு ஓரமாக நிற்பான். முக்கால்வாசி தெரிந்தவன்தான் நடு ரோட்டுக்கு வந்து நிற்பான். யாரையோ குத்திக்காட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம், என்னைத்தான் சொல்கிறேன். எனக்கு இரண்டு விசயங்கள் முக்கால்வாசி தெரியும். ஒன்று கரண்டு வேலை, இன்னொன்று சிங்களம். (மிச்சக் கால்வாசி எங்க போச்சுன்னு கேக்காதீங்க. அதத்தான் சொல்லப்போறேன்.)

றக்வானைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வீடு. நான் பெக்டரியில் எலெக்ட்ரீசியன். அக்கா செல்வராணி, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியை. தொண்டர் என்றால் பாடம் நடத்தலாம், பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிடலாம், விளையாட்டுப் போட்டிக்குக் கொடி கட்டலாம். ஆனால் அரசாங்கத்துக்கு அப்படி ஒரு ஆள் இருப்பதே தெரியாது. நியமனம் வேண்டுமென்றால் ஒரு போட்டிப் பரீட்சை எழுத வேண்டும். அது எப்போதாவதுதான் வரும். அந்தத் தடவை வந்தபோது அக்காவுக்கு வயசு எல்லையின் கடைசி வருசம். அதை விட்டால் அடுத்ததுக்கு விண்ணப்பமே போட முடியாது.

அது நாடே பெட்ரோல் கியூவில் நின்ற காலம். எங்கள் பக்கத்துக்குப் பஸ் வந்தால் வந்தது, இல்லாவிட்டால் நடைதான். எல்லோரும் சும்மா இருந்த அந்த நேரத்தில் எனக்கு மட்டும் மூளை வேலை செய்தது. எஞ்சின் செத்துப்போய்க் கோழி முட்டையிடுகிற இடமாகிவிட்ட ஒரு த்ரீவீலை எடுத்தேன். எஞ்சினைக் கழற்றிப் போட்டேன். பெல்மதுளையில் கிடைத்த பழைய எலெக்ட்ரிக் ஸ்கூட்டரின் மோட்டாரைப் பூட்டினேன். சீட்டுக்குக் கீழே நாலு லொறி பெட்டரி. ஹோர்ன் வேலை செய்யாததால் வீட்டுக் கோலிங் பெல்லை மாட்டினேன். அமுக்கினால் குருவி கத்தும்.

பிரேக் இருந்ததா என்று கேட்பீர்கள். ஏன் இல்லை, இருந்தது! ஒரு கேபிள். அதற்குத் துணையாக ஒரு சவுக்குக் கட்டை. இறக்கத்தில் வண்டி நிற்காவிட்டால் பின்னால் இருக்கிறவர் குதித்து டயருக்கு அடியில் கட்டையைப் போட வேண்டும். (குதிக்கத் தெரியாத ஆள நான் ஏத்துறதே இல்ல.)

“இத ரோட்டுல ஓட்ட விடுவானுங்களாடா?” என்று பெக்டரியில் கேட்டார்கள்.

எனக்குச் சட்டமும் தெரியும் அல்லவா! “எஞ்சின் இருந்தாத்தான் மோட்டார் வாகனம். இதுல எஞ்சின் எங்க இருக்கு? இது சைக்கிள் ஜாதி. பதிவும் வேணாம், பத்திரமும் வேணாம்” என்றேன். மோட்டார் வாகனம் என்பதிலேயே மோட்டார் இருப்பதும், என் வண்டியில் உருப்படியாக இருந்தது அந்த மோட்டார் ஒன்றுதான் என்பதும் அப்போது மண்டையில் உறைக்கவில்லை.

பரீட்சை கஹவத்தையில், ஒன்பது மணிக்கு. அக்கா ஒழுங்கான யோசனைதான் சொன்னாள். “நான் முந்தின நாளே போயி, கூடப் படிச்ச புள்ள வீட்டுல தங்கிக்கிறேன் தம்பி.”

எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. “வீட்டுல வாகனத்த வச்சிக்கிட்டு, யாரு வீட்டுலயோ போயி படுப்பியா? ஊருல என்னைய என்ன நெனைப்பாங்க?”

ஊரில் என்னைப் பற்றி ஏற்கனவே நினைத்தாகிவிட்டது என்பதை அக்கா சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

காலையில் வெளுத்த சேலையும் கையில் அனுமதி அட்டையுமாக அக்கா ஏறினாள். மடியில் சவுக்குக் கட்டை. சாமிப் படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டுவிட்டு வந்தவளின் கையில் கட்டையைக் கொடுத்தவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். றக்வானை இறக்கத்தில் ஒவ்வொரு வளைவிலும் குருவி கத்திற்று. அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். பாடத்தைச் சொல்லிப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். முருகனைக் கூப்பிட்டிருக்கிறாள்.

கொடகவெலையைத் தாண்டி, கஹவத்தைக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போது ஒரு சந்தியில் பொலிஸ் சார்ஜன் ஒருவர் கையைக் காட்டினார். அப்போது ஏழரை மணி. நான் பிரேக்கை மிதித்தேன். வண்டி அவரைத் தாண்டிப் போய், ஒரு பாலத்துக் கட்டுச் சுவரில் உரசி நின்றது. நடந்து வந்தார், நல்ல வயசு ஆள்.

“மேக்க மொகக்த, மல்லி?” என்று கேட்டார். இது என்னப்பா என்று அர்த்தம். அதட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

லைசன் கேட்டார், இன்சூரன்ஸ் கேட்டார், புகைச் சான்றிதழ் கேட்டார். “புகையே வராத வண்டிக்குப் புகைச் சான்றிதழ் எதுக்கு சேர்?” என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சரி, அக்காவின் விசயத்தைச் சொன்னால் விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அதைத்தான் சொல்லவும் செய்தேன். சொன்ன விதத்தில்தான் குடி முழுகிற்று.

இங்கே என் சிங்களத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நான் கண்டுபிடித்த முறை இது. தமிழில் ஒரு பெரிய சொல்லை எடுக்க வேண்டும். வாலை நறுக்கிவிட்டு ‘ய’வை ஒட்ட வேண்டும். சிங்களம் தயார். நகரம், நகரய. வாகனம், வாஹனய. ரோகம், ரோகய. பத்துக்கு எட்டுத் தடவை சரியாக வரும். இந்த முறையை வைத்துத்தான் தோட்டத்தில் அரசாங்கக் கந்தோருக்குப் போகிறவர்களுக்கெல்லாம் நான் துணைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

பரீட்சைக்குச் சிங்களத்தில் ‘விபாகய’ என்று சொல்வார்கள். இது எங்கள் பக்கத்தில் ஆட்டுக்குட்டிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் பெரிய உத்தியோகத்தருக்கு முன்னால் அது கடைத்தெருச் சொல்லாகப் பட்டது. பரீட்சை என்ற சொல்லை எடுத்தேன். வாலை நறுக்கினேன். மரியாதையாக இருக்கட்டும் என்று கொஞ்சம் நீட்டினேன்.

“அக்காவ பரீக்ஷணயகட்ட எக்கங் யனவா சேர்.”

பரீக்ஷணய என்று சிங்களத்தில் ஒரு சொல் இருக்கத்தான் செய்கிறது. அதற்கு ஆராய்ச்சி என்று அர்த்தம். எலியை வைத்துச் செய்வார்களே, அது. ஆக, அக்காவை ஒரு ஆராய்ச்சிக்குக் கொண்டுபோவதாகப் பொலிசுக்கு நானே வாக்குமூலம் கொடுத்தேன். மிச்சப் பேச்சும் சிங்களத்தில்தான் நடந்தது. உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன்.

சார்ஜன் அக்காவைப் பார்த்தார். மடியில் இருந்த கட்டையைப் பார்த்தார். “ஆராய்ச்சியா? மெயின் ரோட்டிலயா?”

பரீட்சை எங்கே என்று கேட்கிறாராக்கும்! “ஆமா சேர், மெயின் ரோட்டுலதான். கஹவத்தை டவுன்ல.”

“டவுன்லயா!”

“நிறையப் பேர் வருவாங்க சேர்.”

“இந்தப் பிள்ளை சம்மதிச்சிச்சா?”

“ஒன்பது மாசமா இதுக்குத்தான் சேர் தயாராகுறாங்க. இத விட்டா அவங்களுக்கு வேற வழியே இல்ல.”

அவர் முகம் மாறிவிட்டது. குனிந்து அக்காவிடம் தங்கச்சி முறை வைத்து மெதுவாகக் கேட்டார். “நங்கி, வீட்டில ஏதாவது பிரச்சினையா?”

அக்காவின் சிங்களம் என்னுடையதைப் போல இல்லை. சிங்களப் பிள்ளைகளோடு பழகி ஒழுங்காகக் கற்றுக்கொண்டது. அவள் வாயைத் திறந்தாள். “இல்ல சேர், நான் வந்து...”

நான் பாய்ந்தேன். “நீ சும்மா இரு அக்கா! ரெண்டு பேரு பேசினா கொழம்பிப்போகும்.”

“நீ விபாகயன்னு சொல்லலியேடா...”

“பெரிய ஆளுங்ககிட்ட பெரிய சொல்லுதான் பேசணும். பேசாம இருக்கிறியா?”

அக்கா பேசாமல் இருந்தாள். நாலு பேருக்கு முன்னால் தம்பி மானம் போகக் கூடாது என்று சின்ன வயசிலிருந்தே பார்த்துப் பார்த்துப் பழகியவள். சார்ஜன் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். பக்கத்தில் ஒரு லொறி புரண்டதைப் பார்க்கப் பரீக்ஷக மஹத்தயா வந்திருப்பதாகவும், அவரைக் கூட்டிக்கொண்டு வருவதாகவும், வண்டியை யாரும் தொடக் கூடாது என்றும் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் போய்விட்டார்.

பரீக்ஷக! எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. “பாத்தியா? பரீட்சை நடத்துற ஐயாவையே கூட்டிக்கிட்டு வர்றாரு. ஒனக்கு இடம் புடிச்சி வைப்பாங்க. எல்லாம் பேசுற விதத்துல இருக்கு.”

அவர் கூட்டிவரப் போனது வாகனங்களைப் பரிசோதிக்கிற அதிகாரியை. ரோட்டில் ஓடத் தகுதி இருக்கிறதா என்று ஆணியையும் நட்டையும் தட்டிப் பார்க்கிற மனுசர்.

நாங்கள் இரண்டு பேரும் பாலத்தில் உட்கார்ந்திருந்தோம். எட்டு மணிக்குப் பஸ் வந்தது. வராது, நம்பாதே என்று நான் அடித்துச் சொன்ன அதே றக்வானை பஸ். படியில் ஆள் தொங்கிற்று. அக்கா எழுந்து கையைக் காட்டினாள். டிரைவர் நிறுத்திவிட்டார். அந்தக் காலத்தில் அப்படி யாரும் நிறுத்தமாட்டார்கள். கொண்டக்டர் “நகின்ன, நகின்ன” என்று கத்தினார். ஏறு, ஏறு என்று. அக்கா ஒரு காலைப் படியில் வைத்துவிட்டாள்.

நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

“பைத்தியமா ஒனக்கு? அவரு ஒன்னையத் தேடி இங்க வருவாரு. நீ அங்க போயி நிப்பியா?”

அக்கா என்னைப் பார்த்தாள், பஸ்ஸைப் பார்த்தாள். “தம்பி, எனக்கென்னமோ...” என்றாள். “நான் சொல்றேன்ல” என்றேன். அவள் காலைக் கீழே வைத்தாள், பஸ் போய்விட்டது. அவளை அங்கே யாரும் பிடித்து வைத்திருக்கவில்லை. பொலிசுக்கு வேண்டியிருந்தது வண்டி மட்டும்தான். சட்டம் அவளைத் தடுக்கவில்லை, நான்தான் தடுத்தேன். இதை எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்தாலும் வேறு மாதிரி வருவதில்லை.

லொறி வேலையை முடித்துக்கொண்டு பரீக்ஷக மஹத்தயா வந்தபோது ஒன்பதரை ஆகிவிட்டது. கையில் சுத்தியலும் டோர்ச்சும். பரீட்சை நடத்துகிறவருக்குச் சுத்தியல் எதற்கு என்று ஒரு நிமிசம் யோசித்தேன். ஒரு நிமிசம்தான். உடனே அக்காவின் அனுமதி அட்டையை இரண்டு கையாலும் நீட்டி, “லேட்டாயிடுச்சு சேர், தயவுசெஞ்சு நீங்களே சொல்லி உள்ள விடச் சொல்லுங்க” என்றேன்.

அவர் அட்டையை வாசித்தார். இன்னொரு தடவை வாசித்தார். பிறகு சார்ஜனிடம் நீட்டி, “மே விபாகயக்னே!” என்றார். இது பரீட்சை அல்லவா!

சார்ஜன் தலையில் கையை வைத்துக்கொண்டார். “ஏய் மல்லி, விபாகயன்னு ஒரு சொல்லு சொல்லியிருந்தா அப்பவே நானே கொண்டுபோய் விட்டிருப்பேனே!” என்று என்னைப் பார்த்துக் கத்தினார். கத்திக்கொண்டே மோட்டார் சைக்கிளைத் திருப்பினார். தன் ஹெல்மட்டை அக்காவின் தலையில் அவரே மாட்டினார். இரண்டு பேரும் பறந்தார்கள்.

மிச்சமிருந்தது நானும் அந்த அதிகாரியும் வண்டியும். எனக்கு ஆத்திரம். இந்தச் சட்டம், இந்தப் பத்திரம், இந்தச் சுத்தியல் எல்லாம் இல்லாவிட்டால் அக்கா இந்நேரம் எழுதிக்கொண்டிருப்பாள் என்று மனசுக்குள் திட்டினேன். அவர் தரையில் படுத்து வண்டிக்கு அடியில் டோர்ச் அடித்தார். பிறகு என்னையும் படுத்துப் பார்க்கச் சொன்னார். பிரேக் கேபிள் பிரிந்து, இரண்டே இரண்டு இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. “கஹவத்தைக்கு முன்னால இன்னொரு இறக்கம் இருக்கு, தெரியுமா?” என்று கேட்டார். தெரியும். ஐயோ, அதற்குப் பிறகு யாரைத் திட்டுவது?

அக்கா பரீட்சை மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒன்பதே முக்கால். அரை மணிக்கு மேல் பிந்தினால் உள்ளே எடுப்பதில்லை. சார்ஜன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று கெஞ்சியிருக்கிறார். நடக்கவில்லை. அக்காவுக்கு ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டுத்தான் போனாராம். வண்டி கோர்ட்டுக்குப் போனது. திரும்பி வரவில்லை. ஒழுங்காக அனுமதி எடுத்து, பரிசோதனைக்குக் காட்டி, இன்னொன்று செய்யலாம் என்று பிறகு சிலர் சொன்னார்கள். எனக்கு மனசு வரவில்லை.

வீட்டுக்கு வந்து அக்காவின் காலில் விழாத குறையாக நின்றேன். “போடா, போய்ச் சாப்பிடு” என்றாள். அவ்வளவுதான்.

எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் யாராவது நல்ல சேலை கட்டி வெளியே கிளம்பினால், “விபாகயவா, பரீக்ஷணயவா?” என்று கேட்காமல் விடுவதில்லை. என் மகள் பேச ஆரம்பித்த காலத்திலேயே அதைக் கற்றுக்கொண்டாள். நான் ‘ய’ போட்டு எதைச் சொன்னாலும் வீடு சிரிக்கும். சிரிக்கட்டும், எனக்குத் தேவைதான்.

இந்தக் கதையை நன்றாகச் சொல்வது அக்காதான். சார்ஜன் மாதிரி நடந்து காட்டுவாள், குருவி மாதிரி கத்துவாள், நான் சொன்ன ‘மெயின் ரோட்டுலதான் சேர்’ என்பதை என் மூஞ்சியோடு சொல்வாள். இப்போது கோயில் மண்டபத்தில் டியூசன் சொல்லிக்கொடுக்கிறாள். அவளிடம் படித்த இரண்டு பிள்ளைகளுக்கு ஆசிரியர் நியமனமே கிடைத்துவிட்டது. போன மாசம் ஓப்பநாயக்கவில் ஒரு கல்யாண வீட்டில் கூட்டம் கூடி, சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். சொன்னாள். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அப்போது மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி, “ஐயோ பாவம், பரீட்சை போயிருச்சேக்கா?” என்றாள்.

“அட நீங்க வேற! நான் என்ன படிச்சா போனேன்? உள்ள விட்டிருந்தாலும் கோட்டைதான் விட்டிருப்பேன்” என்றாள் அக்கா. அதற்கும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அப்போது நாங்கள் குடியிருந்த லயத்துக் காம்பராவில், அந்தச் சின்ன அறையில், அவள் படுக்கிற இடத்துக்கும் நான் படுக்கிற இடத்துக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புத்தான் இருந்தது. ஒன்பது மாசம், விடியற்காலையில், அவள் வாய்க்குள்ளேயே முணுமுணுத்து மனப்பாடம் செய்தது எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. நடந்ததை நடந்தபடியே சொல்கிறவள், அந்த ஒரு இடத்தில் மட்டும் பொய் சொல்கிறாள். அதைச் சொல்லும்போது என் பக்கம் திரும்புவதில்லை.