பேர் வெட்டின பாத்திரங்கள்

சூலூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் நவ்யாவுக்கு அப்பா சுந்தரராஜுலு ஆசி கூறி எழுதுவது. இங்கு நானும் உன் அம்மாவும் சௌக்கியம். அங்கு நீ, மாப்பிள்ளை, குழந்தை பூஜிதா சௌக்கியமா? போனில் பேசினால் பாதியில் அழுதுவிடுகிறாய். அதனால் கடிதம். நம் வீட்டில் பேச்சு தெலுங்கு என்றாலும் எனக்கு எழுத வருவது தமிழ்தான்.

பெரிய வீட்டை வாடகைக்கு விடலாமென்று காலி செய்துவிட்டுப் பின்கட்டில் இரண்டு அறையில் ஏன் முடங்க வேண்டும், பெங்களூருக்கே வந்துவிடுங்கள் என்று கேட்டிருந்தாய். எல்லாம் உன் அம்மா ராமாமணியின் ஏற்பாடு. "ரெண்டு பேருக்கு ரெண்டு ரூம் போதுமுங்க, மத்ததெல்லாம் குடுத்துப்போடலாமுங்க"ன்னுடுச்சு. சோபா போச்சு, கட்டில் போச்சு, ஒண்ணும் திரும்பி வரல. பாத்திரம்தான் வம்பு. எங்க கல்யாணச் சீரு, உன் கல்யாணத்துக்கு வாங்கி மிஞ்சினதுன்னு எவர்சில்வரே எண்பத்தாறு உருப்படி. ஒவ்வொண்ணுலயும் நான் பெருமையா 'சுந்தரராஜுலு, சூலூர்'னு பேர் வெட்டி வெச்சிருக்கேனே. கருமத்தம்பட்டி தறிக்காரர் தம்பிதுரைக்கு ஒரு அண்டா குடுத்தேன். மூணாம் நாளே பஸ்ல ஏத்திட்டு வந்துட்டார். "ஏனுங்க, உங்க பேரு போட்டது எங்கூட்ல இருந்தா, பாக்கறவங்க என்னங்க நெனப்பாங்க?"ன்னு வெச்சுட்டுப் போயிட்டார். சரி, கொடுமுடிக்குப் போனப்போ படித்துறையில ஒரு குடத்தை வேணும்னே விட்டுட்டு வந்தேன். யாரோ புண்ணியவான் பஸ் கண்டக்டர்கிட்டக் குடுத்தனுப்ப, நான் வாரதுக்குள்ள குடம் ஊடு சேர்ந்துபோச்சு. டெய்லர் அப்துல் நாசர் மக நிலோஃபர் நிக்காவுக்குப் பத்து அண்டா எடுத்துட்டுப் போய் வெச்சுக்கச் சொன்னேன். பத்தும் பளபளன்னு விளக்கி வந்துச்சு, ஒண்ணுல பிரியாணியோட.

அதைப் பாத்துத்தான் உங்கம்மா, "அதுக திரும்பித்தானுங்களே வருது, அப்ப யாரு கேட்டாலும் குடுத்துட்டே இருக்கலாமுங்களே"ன்னுச்சு. இப்ப சூலூர்ல யார் ஊட்ல விசேஷம்னாலும் துக்கம்னாலும் நம்மூட்டுப் பாத்திரம்தான் போகுது. நாள் முச்சூடும் டி.வி. முன்னால முழங்கால் வலின்னு உக்காந்திருந்த மனுஷி, காலையில அஞ்சு மணிக்கெல்லாம் அண்டாவை உருட்டிட்டு நிக்குது. கண்ணு, பெரிய ஊட்ல இருந்தப்ப உங்கம்மாவும் நானும் போன்லதான் பேசிக்குவோம், நான் மாடி, அது கீழ. இப்ப கையெட்டற தூரத்துல இருக்குது, சிரிச்சுட்டு இருக்குது. நாப்பது வருஷத்துல நான் இவ்வளவு சந்தோஷமா இருந்ததில்ல. அதனால நாங்க வரல அம்மணி. கோவிச்சுக்காதே.

நீயும் மாப்பிள்ளையும் நூறு வருஷம் ஒத்துமையா இருங்க. பூஜிதாவுக்குப் பல் வலிக்காம முளைக்கட்டும்.

இப்படிக்கு,
அப்பா.

பி.கு.: இதைப் படிச்ச உங்கம்மா, "மிச்சத்தையும் எழுதுங்க"ன்னுடுச்சு. கேக்கறவங்க அதிகமாயிட்டாங்கன்னு புதுசா பன்னண்டு அண்டா வாங்கிப்போட்டோம். பெரிய ஊட்டை இனி வாடகைக்கு விட முடியாது, அங்க பாத்திரம் குடியிருக்குது. பேர் வெட்டற மெஷினை எடுத்தேன், "பேரு வேண்டாமுங்க"ன்னு புடுங்கி வெச்சுடுச்சு. பேரில்லாமப் போனா எங்க திரும்பறது, தொலைஞ்சுதுன்னு நெனச்சேன். பேரில்லாத மொத அண்டா இன்னிக்குக் காலையிலயே திரும்பி வந்துருச்சு, உள்ள ஒரு சீப்பு பூவன் பழத்தோட.