தாத்தா குரலுக்கு நடந்த சவரம்

என் செல்லப் பேத்திக்குப் பாட்டி எழுதுவது. இங்கே நானும் வீடும் சுகம். நீயும் உன் வயிற்றுப் பிள்ளையும் மாப்பிள்ளையும் சுகம் என்றே நம்பி மேலே எழுதுகிறேன்.

உனக்குக் கல்யாணமான புதிதில், வரப்போகிற பிள்ளைக்கென்று தாத்தா போனில் பாடி வைத்துவிட்டுப் போன தாலாட்டை அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தாயே, அது அப்படியே அனுப்பும்படியாக இல்லை. அவருக்கு முகத்தில் நுரை இருந்தால்தான் பாட்டு வரும், உனக்கே தெரியும். கண்ணாடி முன்னால் நின்று, கத்தி கன்னத்தில் சர்ரென்று இறங்க இறங்க, தண்ணீரில் மல்லாந்து மிதக்கிறவர் மாதிரி பாடிக்கொண்டே போகிறார். நடுவில் நான் புகுந்து, தொட்டி வழிகிறது, மோட்டாரை நிறுத்துங்கள் என்று கத்துகிறேன். பிறக்கப்போகிற பிள்ளை என் குரலை முதன்முதலில் இப்படியா கேட்பது? அதை மட்டும் வெட்டிக் கொடு என்று உன் மாமாவிடம் கொடுத்தேன். கம்ப்யூட்டர் வாங்கியதிலிருந்து அவனுக்குத் தரையில் கால் பாவுவதில்லை. கொஞ்சம் வெட்டுவான், "சேவ் பண்ணிட்டேம்மா" என்பான். இன்னும் கொஞ்சம் வெட்டுவான், மறுபடி சேவ். எனக்குப் பகீரென்றது. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவளுக்கு சேவ் என்றால் சவரம் என்று தெரியாதா? "குரலை எதுக்குடா சவரம் பண்றே, தேஞ்சிடப் போகுது" என்றேன். சிரித்தான். கடைசியில் போட்டுக் காட்டினால், தாத்தா குடத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு பாடுகிறார். கத்தி இறங்குவது யாரோ தகரத்தைச் சுரண்டுவது போல் இருக்கிறது. நல்லவேளை, என் போனில் இருந்த பாட்டில் அவன் கை படவில்லை.

அன்று மத்தியானம் ஜன்னல் திரை மூச்சு விடுவதுபோல் உப்பி உப்பி அடங்குவதைப் பார்த்தபடியே கண்ணயர்ந்துவிட்டேன். தாத்தா கண்ணாடி முன்னால் நிற்கிறார், ஒவ்வொரு இழுப்புக்கும் நுரையோடு ஒரு வரி வழிந்து போகிறது, நான் இரண்டு கையாலும் ஏந்துகிறேன், கை நிறைய வெறும் நுரை. எழுந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு போன் கடைக்கு நடந்தேன்.

கடைக்காரப் பெண் முழுக்கதையும் கேட்டாள். "நீங்க சொன்ன சவரம் சரிதான் பாட்டி. இது இடம் அடைக்காம இருக்க போன் ஏற்கெனவே அமுக்கி வச்ச பாட்டு. பிரிச்சுப் பிரிச்சு அமுக்கினா ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் போயிடும். பிரிக்காமலே வெட்டலாம்" என்றாள். பாட்டு உள்ளே சின்னச் சின்ன மணிகளைக் கோத்த சரம் மாதிரி இருக்கிறதாம். மணிக்கும் மணிக்கும் நடுவில் பார்த்து வெட்டி, நான் கத்துகிற மணிகளை உருவிவிட்டு, மிச்சத்தை அப்படியே சேர்த்துவிட்டாள். போட்டதும் கடைக்குள் சவரச் சோப்பு வாசனையே வந்துவிட்டது எனக்கு. அதை ஒரு பென் டிரைவில் வாங்கி இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் கணக்கில் நான்தான் முதல், இதிலும் நான்தான் என்று உன் மாமாவிடம் சொல்லியாயிற்று.

வேளைக்குச் சாப்பிடு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து, பிள்ளையும் கையுமாக வா.

உன் பாட்டி

பி.கு.: உறையை ஒட்டப் போகையில், உருவியெடுத்த துண்டையும் அந்தப் பெண் தனியாகப் போனில் போட்டுக் கொடுத்திருப்பதைப் பார்த்தேன். அந்த இடம் வந்தால் வெட்கத்தில் காதைப் பொத்திக்கொள்வது என் வழக்கம். இன்று பொத்தவில்லை. நான் கத்தி ஓய்ந்ததும் தாத்தா நுரைக்குள்ளிருந்து மெதுவாகச் சொல்கிறார்: "இதுவும் பாட்டுதான்டா கண்ணு, கேட்டுக்கோ." ஆகவே மறுபடியும் கடைக்கு ஓடி, பென் டிரைவிலிருந்த வெட்டிய பாட்டை எடுத்துவிட்டு, மோட்டாரோடு முழுப்பாட்டையும் வைத்து வாங்கிவந்திருக்கிறேன். எத்தனை தடவை வேண்டுமானாலும் பிள்ளைக்குப் போட்டுக் காட்டு. சேவ் மட்டும் பண்ணிவிடாதே.