முட்டைக்கண்ணன் பாடிய இரண்டாவது பாட்டு

முதலில் சாம்பார், அடுத்து ரசம், அப்புறம் பொரியல், கடைசியில் பாயசம். முழு இலைக்கும் பாட்டுப் போட்டுவிடுவது என்று சாரங்கபாணி தீர்மானித்தார். வீட்டில் இலை போடுகிறவளிடம் கேட்கவில்லை.

ராஜபாளையத்தில் அவர் ஒரு மில் ஆபீஸ் கிளார்க். ஞாயிற்றுக்கிழமை மட்டும் உள்ளூர் கேபிள் டிவியில் கலைஞர். வலது கையில் ஒரு துணிப் பொம்மையை மாட்டிக்கொண்டு, உதடு அசையாமல் கீச்சுக்குரலில் பேசுவார். பொம்மைக்கு இரண்டு பிளாஸ்டிக் பந்துகள் கண்கள். பெயர் முட்டைக்கண்ணன். ஆறு வருஷமாகக் கடி ஜோக் சொல்லிக்கொண்டிருந்த அந்தப் பொம்மை, ஆவணியில் ஒரு பாட்டுப் பாடியது.

சாம்பாரா இது சாமி – பருப்பைத்
தேடி எடுத்துக் காமி.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் நைனா முகமது அதற்கு உறுமி, கீபோர்டு எல்லாம் சேர்த்து யூடியூபில் ஏற்றினார். ஒரே மாதத்தில் மம்சாபுரம் மினிபஸ் வரைக்கும் அதுதான் ஓடியது. பஸ் நின்றாலும் பாட்டு நிற்கவில்லை.

அது யார் வைத்த சாம்பார் என்பதில் தெருவில் யாருக்கும் சந்தேகம் இல்லை. காய்கறிக்கடை யோகேஸ்வரி, சாரங்கபாணியின் மனைவி அரவிந்தவல்லியைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டாள்: "என்ன மதினி, இன்னைக்காவது பருப்பு போட்டீகளா?"

அரவிந்தவல்லி வீட்டுக்கு வந்து சொன்னாள்.

"என்னங்க, கடைவீதில தல காட்ட முடியல."

"நானா பாடுனேன்? பொம்மைல்லா பாடுச்சு."

"பொம்மைக்குச் சோறு போடுறது யாரு?"

"ஏட்டி, கலையைக் கலையாப் பாக்கணும். அடுத்தது ரசம். பாதி எழுதிட்டேன்."

"சரி, கலையட்டும்" என்று சொல்லிவிட்டு அவள் அடுக்களைக்குப் போய்விட்டாள். சாரங்கபாணி அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

ஐப்பசியில், ஸ்ரீவில்லிபுத்தூர்க் கல்யாண மண்டபம் ஒன்றில் முட்டைக்கண்ணன் கச்சேரிக்கு நைனா முகமது ஏற்பாடு செய்தார். ரசப் பாட்டு அன்றைக்குத்தான் வெளியாவதாக இருந்தது. முந்தின நாள் அரவிந்தவல்லியே சொன்னாள்:

"அய்யனார் கோவில் அருவில தண்ணி நல்லா விழுதாம். செத்த நேரம் போய் நின்னுட்டு வாங்க. ஒடம்பு லேசாகும்."

இப்படி ஒரு பெண்டாட்டி யாருக்கு வாய்க்கும் என்று நினைத்துக்கொண்டே போனார். செத்த நேரம் இரண்டு மணி நேரம் ஆயிற்று. மறுநாள் காலையில் வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

மண்டபத்தில் ஐந்நூறு பேர். முன்வரிசை முழுக்கப் பெண்கள். நைனா முகமது தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"மதினி, இப்ப என்ன செய்ய?"

"பொம்மைக்குக் கொரல்தானே தம்பி வேணும்? திரைக்குப் பின்னால நின்னு நான் பாடுதேன். அவிய பொம்மை வாயை அசைக்கட்டும்."

சாரங்கபாணிக்குக் கண் கலங்கிவிட்டது. தன்னைக் கேலி செய்யும் பாட்டைத் தானே பாட வருகிறாளே. அரவிந்தவல்லி கைப்பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்துப் பிரித்தாள். தாள் முழுக்க அவள் கையெழுத்து. ஒரு வரியில்கூட ரசம் இல்லை. எப்போது எழுதினாய் என்று கேட்க அவருக்குத் தொண்டை இல்லை. அதற்குள் உறுமி ஆரம்பித்துவிட்டது.

கரண்டி புடிச்சதுண்டா சாமி – அடுப்பு
எந்தப் பக்கம்னு காமி.

அவரைவிடக் கீச்சாகவே பாடினாள். ஆறு வருஷப் பழக்கத்தில் அவர் கை தாளம் தப்பாமல் பொம்மையின் வாயைத் திறந்து மூடியது. 'காமி' என்கிற இடத்தில் பொம்மையின் முகத்தை அவர் பக்கமே திருப்பியது. நிறுத்து என்று மூளை சொன்னபோது கை அடுத்த வரிக்குப் போயிருந்தது. முன்வரிசை எழுந்து நின்று விசிலடித்தது. மூன்று முறை ஒன்ஸ்மோர் கேட்டார்கள். மூன்று முறையும் சாரங்கபாணி தன் கையாலேயே தன்னைக் கேள்வி கேட்டுக்கொண்டார்.

பத்தே நாளில் யூடியூபில் அந்தப் பாட்டு சாம்பாரைத் தாண்டியது. பதினோராம் நாள்தான் அவருக்குத் தொண்டை திறந்தது. நைனா முகமதுவுக்குப் போன் போட்டார்.

"தம்பி, கொரல் வந்துட்டு. ரசத்தை எடுத்துருவமா?"

"ரொம்ப சந்தோசம்ணே. மதினிகிட்ட குடுங்க."

அரவிந்தவல்லி 'ம்', 'சரி தம்பி' என்று கால் மணி நேரம் பேசினாள்.

"என்ன சொல்லுதான்?"

"வெள்ளிக்கிழமை அடுத்த பாட்டு. வீடியோ எடுக்காகளாம்."

"அப்ப அந்தப் பட்டுச் சட்டையை எடுத்து வை."

"வேண்டாங்க. பொம்மையை மட்டும் கொண்டாரச் சொன்னாரு. கைக்கு அங்கயே ஆள் இருக்காம்."