சொல்லைப் பிளக்கிறவர்

செஞ்சியில் விறகு பிளக்க ஆள் கிடைப்பதில்லை. சொல் பிளக்க ஆளுக்குப் பஞ்சமே இல்லை. நாலாம் வகுப்போடு நின்று, மூன்று லாரிக்கு முதலாளியான நான் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். 'லாரி' என்ற சொல்லைப் பிளந்து பார்த்துவிட்டா லாரி வாங்கினேன்?

இந்த இனத்தில் முதல் தரம் எங்கள் தெரு தாண்டவராயன். கோட்டை பார்க்க வருகிறவன் டிக்கெட் வாங்கி முடிப்பதற்குள் 'செஞ்சி'யை நாலாகப் பிளந்து கையில் கொடுத்து, எது சரி என்று கேட்டால் நாலும் சரி என்று சொல்லி, மலையேறும் தெம்பு போய் அவன் திரும்பும்வரை கூடவே நடப்பார். மொழி தெரிய வேண்டுமா? எதற்கு? செல்போன் இருக்கிறதே!

போன மாதம் அவர் கோடாலி நார்வே வரை போய்விட்டது. அதே தெரு அமிர்தசாமியின் மகள் எலிசபெத் நர்சு. நார்வே மொழியும் படித்து, அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கும் வேலை வாங்கிவிட்டாள். அந்த வேலைக்கு அவர்கள் மொழியில் 'யூர்மூர்' என்று பெயர்.

தாண்டவராயன் அதைச் செல்போனில் தட்டினார். பிளந்தார்.

"அமிர்தசாமி, யூர்னா மண்ணு, மூர்னா அம்மா. இன்னா புரியுது? பொம்பளைங்கள மண்ணு வேலைக்கு இட்டுனு போறான்."

"ஆஸ்பத்திரின்னு போட்டிருக்குதேண்ணே?"

"ஆஸ்பத்திரிக்குத் தோட்டம் இருக்காதா?"

அவ்வளவுதான். அமிர்தசாமி களை வெட்டியே கை காய்த்துப்போன மனுஷன். மகளும் மண்வெட்டி பிடிக்கவா படிக்க வைத்தோம் என்று அவள் பாஸ்போர்ட்டை அரிசி டிரம்முக்குள் போட்டு, மூடிமேல் ஏறி உட்கார்ந்துவிட்டார். விமானமோ வெள்ளிக்கிழமை.

"நைனா, எழுந்திரு," என்றாள் எலிசபெத். "பொறந்த புள்ளைய தரையிலருந்து தூக்கறவங்கன்னு அந்தப் பேரு வந்துச்சாம். இல்ல, அது மண்ணே கிடையாது, வேற சொல்லுன்னும் சொல்றாங்க. அந்த ஊர்லயே முடிவா தெரியல."

"பாத்தியா, அவனுக்கே தெரியல!" ஜெயித்துவிட்டார் தாண்டவராயன்.

எலிசபெத் அவர் பக்கம் திரும்பினாள். "பெரியப்பா, தை மாசத்துல உங்க மருமவளுக்கு ஆட்டோவுலயே வலி எடுத்து, 'எலிசபெத்து, ஓடியா ஓடியா'ன்னு தெருவே அதிர கத்தினீங்களே. அப்ப எதைப் பொளந்து பாத்துட்டு என்னைக் கூப்பிட்டீங்க?"

அன்று ஆட்டோவில் பிறந்த பேரன் அவர் இடுப்பில்தான் இருந்தான். அந்த நேரம் பார்த்து வேட்டியை நனைத்தான். அமிர்தசாமி சிரித்த சிரிப்பில் டிரம்மைவிட்டு எழுந்தேவிட்டார்.

எலிசபெத் விமானம் ஏறிவிட்டாள். நீங்கள்? அவள் பிரசவம் பார்க்கப் போகிறாள் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அப்படியும் 'மண்ணு' என்றதும் ஒரு நொடி அவள் கையில் மண்வெட்டியைக் கொடுத்துப் பார்த்தீர்களா, இல்லையா?

சரி, சரி. 'யூர்மூர்' என்று தட்டுகிற அந்தச் செல்போனை முதலில் கீழே வையுங்கள்.